கடல் முன்னறிவிப்பு: பிழை எங்கே இருக்கிறது, எதைச் சீர்செய்ய வேண்டும்?

தாராவியில் வசிக்கும் ஒரு பொறியியல் மாணவர் என்னிடம் கேட்டது இது: “என் சித்தப்பா மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கிலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகில் போகிறார். ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் கடல் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, ‘இதை நம்பிப் போனால் ஆகாது’ என்று சொல்லிக்கொண்டேதான் கிளம்புகிறார். நிலவில் விண்கலத்தை இறக்கிய நாட்டில் கடலை ஏன் சரியாகச் சொல்ல முடியவில்லை? கணினியைப் பெரிதாக்கினால் போதுமா? செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடுமா? என்னைப் போன்றவன் செய்ய இதில் ஏதாவது உண்டா?”

நான் குளச்சலில் பிறந்தவன். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு, பிறகு மும்பையில் கரையிலமர்ந்து கப்பல்களுக்குக் காற்றும் அலையும் பார்த்துப் பாதை வகுத்துத் தரும் பணியில் நெடுங்காலம் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் சித்தப்பாவின் சந்தேகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கடலின் இன்றைய நிலையை அளந்து, அதைக் கணினிக்குள் ஓடவிட்டு நாளைய நிலையைக் கணித்து, அந்தக் கணிப்பைப் படகில் நிற்பவர் முடிவெடுக்கத் தக்க வடிவில் அவர் கையில் சேர்ப்பதுதான் முன்னறிவிப்பு. இதில் நடுவிலுள்ள கணக்கீட்டில்தான் பணமும் அறிவும் அதிகமாக இறங்கியிருக்கின்றன. அது உண்மையிலேயே நன்றாக முன்னேறியும் இருக்கிறது. பழுது பெரும்பாலும் இரண்டு நுனிகளிலும் இருக்கிறது. கணினியை மட்டும் பெரிதாக்கினால் நடுப்பகுதி இன்னும் பளபளக்கும். உங்கள் சித்தப்பாவுக்கு அதனால் பெரிய மாற்றம் இருக்காது.

முதல் நுனியிலிருந்து தொடங்குகிறேன். செயற்கைக்கோள் கடலின் தோலை மட்டுமே பார்க்கும். ரேடியோ அலை நீருக்குள் இறங்காது, ஒளியும் வெகு ஆழம் போகாது. 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 போன்றவை கடலின் நிறத்தையும் மேற்பரப்புக் காற்றையும் அளப்பதற்கானவை. வேறு செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் மேடுபள்ளத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ஆனால் ஐம்பது மீட்டர் ஆழத்தில் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு கருவி உள்ளே இறங்கியாக வேண்டும். அந்த வேலையை ஆர்கோ மிதவைகள் செய்கின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருக்கும் மிதவை, பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலேறி வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 மிதவைகள் இப்படி ஏறி இறங்குகின்றன.

கேட்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் உலகின் கடற்பரப்பு ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு மிதவையின் பங்கு 90,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றரை வெப்பமானியை வைத்து, அதையும் பத்து நாளைக்கு ஒருமுறைதான் படித்து, நாகர்கோவிலில் நாளை மறுநாள் என்ன நடக்கும் என்று சொல்லச் சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் கடலின் உட்புறத்தைக் கணிப்பவர்களின் பாடும். கடலில் நூறு கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்கள் சர்வசாதாரணம். அவற்றுள் பல இந்த வலையின் கண்ணிக்குள் சிக்காமலே போய்விடும்.

வங்கக்கடலில் இந்தக் குறை உயிர்ப் பிரச்சினையாகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு மூடியைப் போலப் படர்ந்து நிற்கிறது. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து, புயலுக்குக் கிடைக்கும் வெப்பத்தைக் குறைத்துவிடும். புயல் தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நன்னீர் மூடி கனமாக இருந்தால் அந்தக் கலக்கல் நடக்காது. புயல் வெதுவெதுப்பான நீரின் மேலேயே வளர்ந்துகொண்டு போகும். ஆகவே உப்பின் அளவைத் தவறாகக் கொண்டு தொடங்கிய கணிப்பு, புயலின் வலுவையும் தவறாகச் சொல்லும். இந்திய வானிலைத் துறையின் 24 மணி நேரப் பாதைக் கணிப்பில் சராசரிப் பிழை இப்போது 100 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. வலுவைக் கணிப்பதில் அதே வேகத்தில் முன்னேற்றம் இல்லாததற்குக் கடலின் உட்புறம் சரியாகத் தெரியாதது முக்கியமான காரணங்களில் ஒன்று.

சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நங்கூரமிட்ட மிதவைகளை ஆழ்கடலில் நிறுத்தியிருக்கிறது. அவை ஒரே இடத்தில் நின்று இடைவிடாமல் அளப்பதால் மதிப்பு மிக்கவை. அவற்றுக்கு வரும் பெரிய ஆபத்து புயலால் அன்று, படகுகளால். மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். வந்த படகு மிதவையிலேயே கயிற்றைக் கட்டும். கருவி உடையும், கம்பி அறும். மீனவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த மஞ்சள் மிதவை சொல்லும் செய்திதான் தங்கள் கைப்பேசிக்கு வரும் அலை உயரத்தைச் சரிபார்க்க உதவுகிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. நியூசிலாந்தில் மொவானா என்ற திட்டத்தின்கீழ் மீன்பிடிப் படகுகளின் வலைகளிலும் தூண்டில் கயிறுகளிலும் சிறிய வெப்பமானிகளைக் கட்டிவிட்டார்கள். வலை இறங்கும்போதெல்லாம் அது ஆழத்தையும் வெப்பத்தையும் பதிந்துகொள்ளும். படகின் மேல்தளத்துக்கு வந்ததும் தரவு தானாகவே கரைக்குப் போய்விடும். நம் மேற்குக் கரையில் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் இலட்சத்தீவுக் கடலிலிருந்து குஜராத் வரை சுற்றிவருகின்றன. எந்த ஆய்வுக் கப்பலும் ஆண்டு முழுவதும் அவ்வளவு இடத்துக்குப் போவதில்லை. அந்தப் படகுகளில் பத்தில் ஒன்றில் இப்படியொரு கருவி இருந்தாலே அரபிக்கடலின் உட்புறப் படம் மாறிவிடும் என்பது என் கணிப்பு. எனக்கு நிதி ஒதுக்கும் அதிகாரம் இருந்தால் அடுத்த கணினிக்கு முன் இதற்குத்தான் ஒதுக்குவேன்.

இனி மறு நுனி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் படகுகள் கிளம்பிய ஒரு விடியற்காலையில் நான் சசூன் டாக்கில் நின்றுகொண்டிருந்தேன். பனிக்கட்டியை அரைத்துக் குழாய் வழியே படகின் அடியறைக்குள் கொட்டும் இரைச்சல். டீசல் பீப்பாய்களை உருட்டும் சத்தம். குமரி மாவட்டத்து ஸ்ராங்கு, அதாவது படகோட்டி, ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “அண்ணாச்சி, ரெண்டரை மீட்டர்னு போட்டிருக்கு. ரெண்டரை மீட்டர் எனக்குப் பயமில்ல. அது எந்தப் பக்கத்துல இருந்து, எத்தன நொடிக்கு ஒண்ணா வருதுன்னு சொன்னாத்தான் எனக்குப் புரியும்.”

முன்னறிவிப்பை மேம்படுத்துவது குறித்து நான் கேட்டதிலேயே சிறந்த விமர்சனம் அதுதான். இரண்டரை மீட்டர் அலை ஆறு நொடிக்கு ஒன்றாக வந்தால் இரண்டு முகடுகளுக்கு இடையே ஏறத்தாழ 56 மீட்டர்தான் இருக்கும். படகு ஒரு சரிவிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும். அதே இரண்டரை மீட்டர் பதினான்கு நொடிக்கு ஒன்றாக வந்தால் முகடுகளுக்கு இடையே 300 மீட்டருக்கு மேல் இருக்கும்; ஆழ்கடலில் படகு தொட்டிலில் கிடப்பதுபோல மெல்ல ஏறி இறங்கும், தேநீர்க் குவளைகூடச் சாயாது. ஆனால் இப்படி நீண்ட இடைவெளியில் வரும் அதே நெட்டலை கரைக்கு வந்து ஆழம் குறையும் இடத்தில் எழும்பி உடைந்தால் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் புரட்டிப் போட்டுவிடும். ஒரே எண், கடலில் ஒரு பொருள், கரையில் நேர் எதிரான பொருள்.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறிவிக்கப்படும் அலை உயரம் என்பது வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இரண்டரை மீட்டர் என்று அறிவித்த கடலில் நாலரை, ஐந்து மீட்டர் அலையும் இடையிடையே வரத்தான் செய்யும். அது கணிப்பின் பிழை ஆகாது, அலைகளின் இயல்பே அப்படி. இதை விளக்காமல் எண்ணை மட்டும் அனுப்பினால், ஐந்து மீட்டர் அலையைப் பார்த்துவிட்டு வந்தவர் ‘பொய் சொல்லிவிட்டார்கள்’ என்றுதான் சொல்வார்.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், 1999இல் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் முழு முன்னறிவிப்பில் அலையின் காலமும் திசையும் நீரோட்டமும் எல்லாம் உண்டு. நீரோட்டத்தை எங்கள் பக்கத்தில் நீவாடு என்பார்கள். காற்றைவிட நீவாட்டைக் கேட்டுத்தான் வலை விடுவார்கள். ஆனால் தகவல் குறுஞ்செய்தியாகவும் வானொலி வரியாகவும் சுருங்கி வரும்போது காலமும் திசையும் நீவாடும் உதிர்ந்து, உயரம் மட்டும் மிஞ்சுகிறது. சிறு படகுகளின் அகலத்தைக் கணக்கில்கொண்டு, அந்தப் படகுக்கு அந்தக் கடல் ஆபத்தா என்று சொல்லும் சேவையையும் இன்காய்ஸ் 2020இல் தொடங்கியது. சரியான திசை அதுதான். அலையின் உயரத்தைச் சொல்லிவிட்டு ஆபத்தைக் கணக்கிடும் வேலையை மீனவரிடம் தள்ளாமல், 15 அடி அகலப் படகுக்கு இன்று பிற்பகல் 3 மணிக்குமேல் இந்தத் திசையில் போவது கூடாது என்று சொல்லும் அளவுக்கு அது வளர வேண்டும்.

எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கள்ளக்கடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, கடல் மட்டும் திடீரென்று கரையேறும். கேரளத்திலும் குமரியிலும் வழங்கும் அந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்கிலும் ஏற்றுக்கொண்டது. காரணம் இங்கே இல்லை. தென்கோளத்தில், அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடற்பகுதியில் வீசும் கடும் காற்று எழுப்பிய நெட்டலை அது. 18 நொடிக் காலமுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆறாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கிளம்பினால் நம் கரையை எட்ட ஐந்து நாள் ஆகும். கடல் ஆபத்துகளில் இவ்வளவு தாராளமாக முன்னவகாசம் தருவது அரிது. அப்படியிருந்தும் 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நெட்டலை எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. ஆபத்து எங்கோ தென்கடலில் பிறந்து வருகிறது என்பதை வெயிலடிக்கும் கரையில் நிற்பவர் எப்படி நம்புவார்? மீன்துறை அலுவலகத்துக்கு அனுப்பிய செய்தி சுற்றுலா வந்தவரை எட்டுவதற்கு வழி வேறு வேண்டும். கடற்கரை நுழைவாயிலில் ஒரு கொடியும், அதை ஏற்ற ஒரு ஆளும் போதும்.

நெட்டலை துறைமுக முகத்துவாரத்தில் என்ன செய்யும் என்பது இன்னும் நுட்பமானது. திருவனந்தபுரம் அருகேயுள்ள முதலப்பொழியிலும் குமரியின் தேங்காய்ப்பட்டணத்திலும் முகத்துவாரம் கடக்கும்போது படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீர் வற்றி வெளியேறும் நேரத்தில் எதிரே நெட்டலை வந்தால், மணல் சேர்ந்து ஆழம் குறைந்த வாயில் அலை செங்குத்தாக எழும்பும். கடலைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு நூறு மீட்டர் அகல வாய் கண்ணிலேயே படாது. கட்டத்தின் நீள அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் கணக்கு எட்டு மடங்கு கூடும். எனவே கடல் முழுவதையும் நுணுக்கமாக்குவது நடக்காத காரியம். ஆபத்தான முகத்துவாரங்களைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் மணல் மட்டத்தை அளந்து, அந்த இடத்துக்கு மட்டும் நுணுக்கமான மாதிரியை ஓட்டி, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை கடக்கக்கூடாது என்று அறிவிக்கலாம். செலவு குறைவு, காப்பாற்றப்படும் உயிர் அதிகம். ஆழத்தை அளக்காமல் மாதிரியை மட்டும் நுணுக்குவது கள்ளக் கணக்கு.

புயலைப் பற்றி இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே தாழ்வு மண்டலமாக உருவாகி, 30ஆம் தேதி காலைக்குள் புயலாகிக் குமரிக் கடலில் நின்றது. ஒரே நாள். தங்கல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே போய்விட்டன. கரையிலிருந்து வி.எச்.எஃப். ரேடியோ எட்டுவது பொதுவாக நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். அதற்கப்பால் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எத்தனை துல்லியமாக இருந்திருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டை, ஒன்றாம் எண்ணோ பத்தாம் எண்ணோ, நூறு மைலுக்கு அப்பால் இருப்பவர் பார்க்கவா முடியும்? தப்பிய படகுகளில் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை ஒதுங்கின. அப்போது மும்பைத் தமிழர்களில் பலர் ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளால் தூங்கவில்லை.

டவ்தே புயல் வேறு கதை. 2021 மே 14ஆம் தேதியே தாழ்வு மண்டலம் உருவாகி எச்சரிக்கைகள் தொடங்கிவிட்டன. பாதையும் பெருமளவு சரியாகவே சொல்லப்பட்டது. மே 17 அன்று கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. அன்று மும்பைக்கு மேற்கே எண்ணெய் வயல் பகுதியில் 261 பேருடன் இருந்த பி-305 என்ற தங்கும் மிதவைக்கலம் நங்கூரம் அறுந்து, அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒக்கியில் செய்தி போய்ச் சேரவில்லை. டவ்தேயில் செய்தி இருந்தும் கலம் கரை ஒதுங்கவில்லை. இந்த இரண்டாம் வகைத் தவறுக்கு வானிலை மாதிரியில் மருந்தில்லை. எந்த அளவு காற்று, எத்தனை சதவீத வாய்ப்பு என்றால் கலம் கரைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற வரம்பை அமைதியான நாளிலேயே எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். புயல் வரும் நாளில் கூடிப் பேசினால், வேலை நின்றால் வரும் நட்டம்தான் மேசையில் பெரிதாகத் தெரியும். கப்பலுக்குப் பாதை வகுத்த நாட்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானே பேச்சில் தோற்று, ஒரு கப்பலின் தளச் சரக்கு கடலுக்குப் போயிருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. ‘அடுத்த ஐந்து நாட்களுக்கு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று முழுக் கரைக்கும் சேர்த்து அறிவிப்பது அறிவிப்பவரைக் காக்கும் கவசம். மீனவரைக் காப்பது குறைவு. நின்றுபோன ஒரு பயணம் என்பது உருகிய பனிக்கட்டி, வாங்கிய முன்பணத்துக்கு வட்டி, பத்துப் பதினைந்து பேரின் அடுப்பு. மூன்று முறை வீணாக நின்றவர் நான்காம் முறை போய்விடுவார்; அந்த நான்காம் முறை மெய்யான புயலாக இருக்கலாம். ஒரே கணிப்பை ஓட்டாமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டி, ஐம்பதில் எத்தனை ஆபத்தைக் காட்டுகின்றன என்று வாய்ப்பாகச் சொல்லும் முறை இப்போது நடைமுறையில் உண்டு. அந்த வாய்ப்பை மறைக்காமல் மீனவரிடமே சொல்லலாம். நாள்தோறும் வாய்ப்பைக் கணக்கிட்டே பிழைப்பவருக்குச் சதவீதம் புரியாது என்று நினைப்பது நம் அறியாமை.

தொடர்புக்கான கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2019இல் அறிமுகமான ஜெமினி என்ற கருவி ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்குத் தந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை, படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் மும்பைக்கு வடக்கே பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. இதன் பயனை எல்லோரும் எச்சரிக்கை அனுப்புவதாகவே பார்க்கிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது மறுதிசை: படகிலிருந்து வரும் ‘இங்கே காற்று இவ்வளவு, அலை இந்தப் பக்கம்’ என்ற ஒரு வரி. அது வந்தால் இரண்டு நுனிகளும் ஒன்றாக முடிச்சிடப்படும்.

மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் அறிவிப்பைப் பற்றியும் உங்கள் சித்தப்பா குறை சொல்லியிருப்பார். செயற்கைக்கோள் படத்தில் வெப்பம் சட்டென்று மாறும் எல்லைகளையும், பச்சையம் மிகுந்த திட்டுகளையும் பார்த்து, இன்ன இறங்குதுறையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டரில், இத்தனை ஆழத்தில் என்று இன்காய்ஸ் சொல்கிறது. தமிழிலும் வருகிறது. அறிவியல் சரியானதே: அந்த எல்லையில் உணவு சேரும், உணவைத் தேடிச் சிறுமீனும், அதைத் தேடிப் பெருமீனும் வரும். சிக்கல் என்னவென்றால் படம் நேற்றையது. படகு போய்ச் சேர்வது நாளை. இடையில் நீவாடு அந்த எல்லையை நகர்த்தியிருக்கும். மேகம் மூடினால் படமே இருக்காது. ஆகவே படத்தை அப்படியே கொடுக்காமல், நீரோட்டக் கணிப்பில் அதை ஏற்றி நாளைக்கு அது எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கு நீரோட்டக் கணிப்பு நன்றாக இருக்க வேண்டும். கரையிலிருந்து ரேடியோ அலையைக் கடல்மேல் வீசி, திரும்பி வருவதைக் கொண்டு மேற்பரப்பு ஓட்டத்தை வரைபடமாக்கும் ரேடார்கள் தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் நிறுவப்பட்டன. அப்படிப்பட்டவை கரை நெடுகிலும் தேவை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லோருக்கும் ஒரே இடத்தைச் சொன்னால் வேகமான படகு முதலில் போய் அள்ளிவிடும், நாட்டுப்படகு வெறுங்கையோடு திரும்பும். துல்லியம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடும். குஞ்சுமீன் மிகுந்த இடத்தைச் சொல்லாமல் விடுவதும் முன்னறிவிப்பின் ஒரு பகுதியாக வேண்டும்.

நீரோட்டக் கணிப்பு தேடுதல் பணிக்கும் உயிர்நாடி. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் தெற்கே குமரிக் கரை வரை ஒதுங்கின. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையோர ஓட்டம் தெற்கு நோக்கிப் போகும், வடகிழக்குப் பருவமான வாடைக் காலத்தில் வடக்கே திரும்பும். அந்த ஒரு வரி தெரிந்தவர் எங்கே வாரியலோடு காத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார். மனிதரைத் தேடும்போது நுணுக்கம் இன்னும் கூடும். நீரில் மிதக்கும் ஆளை ஓட்டம் இழுக்கும். கவிழாத வெற்றுப் படகைக் காற்றும் சேர்த்துத் தள்ளும். ஒரே இடத்தில் விழுந்த இரண்டும் ஒரே நாளில் பல மைல் பிரிந்துவிடும். இன்காய்ஸின் சாரத் என்ற கருவி, பொருளின் வகையைக் கேட்டுக்கொண்டு தேட வேண்டிய பரப்பை வரைந்து தருகிறது. கடலோரக் காவல்படையின் மும்பை ஒருங்கிணைப்பு மையத்துக்கு உறவினர் 1554இல் அழைக்கும்போது, படகு எப்போது, எங்கே, என்ன வகை என்று சொல்லத் தெரிந்திருந்தால் அந்தப் பரப்பு சுருங்கும்.

மும்பை நகரத்துக்குள்ளேயே கடல் முன்னறிவிப்பு தேவைப்படும் இடம் உங்கள் வீட்டுப் பக்கம்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று பிற்பகல் கடலேற்றம், அதாவது ஓதம், 4.48 மீட்டர். ஏற்ற நேரத்தில் தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆற்றின் நீர் கடலுக்குள் இறங்காது, வடிகால் வாய்கள் அடைபடும். கடலேற்றத்தைப் பல ஆண்டு முன்பே நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். தென்மும்பையின் அப்பல்லோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. சொல்லக் கடினமானது அந்த ஏற்றத்தோடு காற்று தள்ளும் நீரும் எந்தத் தெருவின் மழையும் சேரும் என்பதுதான். 2020இல் தொடங்கிய ஐஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு மழை, ஆறு, ஏற்றம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட முயல்கிறது.

சுனாமி பற்றிச் சுருக்கமாக. 2004க்குப் பின் 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நில அதிர்வைச் சில நிமிடங்களில் அறிந்துவிடும். ஆனால் அதிர்வின் அளவு மட்டும் போதாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவு அதிர்ந்தும், தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. 2018 டிசம்பரில் அனக் கிரகட்டாவ் எரிமலையின் சரிவு கடலில் விழுந்தபோது, எச்சரிக்கை தரத்தக்க நில அதிர்வே இல்லாமல் அலை வந்தது. அதனால்தான் கடலடி அழுத்தமானிகளும் கரையோர மட்டமானிகளும் பழுதின்றி இருக்க வேண்டும். மும்பைக்கு இது தொலைதூர விஷயம் என்று நினைக்காதீர்கள்: 1945 நவம்பரில் மக்ரான் கரையில் எழுந்த சுனாமி, சில மணி நேரத்தில் இங்கே ஏறத்தாழ இரண்டு மீட்டர் அலையாக வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

செயற்கை நுண்ணறிவு தீர்த்துவிடுமா என்றும் கேட்டீர்கள். வானிலையில் அது உண்மையிலேயே சாதித்திருக்கிறது; 2023இல் வந்த கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி பத்து நாள் கணிப்பை, அதற்கென்றே சிறப்புச் சில்லுள்ள ஒரே கணினியில் ஒரு நிமிடத்துக்குள் தந்தது. ஆனால் அது பல பத்தாண்டுத் தரவைத் தின்று வளர்ந்தது. கடலின் உட்புறத்துக்கு அப்படியொரு தரவுக் களஞ்சியம் இல்லை. முன்பு சொன்ன ஒன்றரை வெப்பமானிதான். மேற்பரப்பு அலைக்கும், பெரிய மாதிரியின் விடையை ஒரு முகத்துவாரத்துக்கு நுணுக்கிக் கொடுப்பதற்கும், வழக்கமான பிழைகளைத் திருத்துவதற்கும் அது மிகவும் உதவும். அளக்காததை அறிய அதனாலும் முடியாது.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது, அதற்கு ஆய்வகம் வேண்டாம். கணிப்பு எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு தவறுகிறது என்பதற்குப் படகின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பதிவு கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுச் சித்தப்பாவிடம் கொடுங்கள். தேதி, மணி, ஜி.பி.எஸ். காட்டும் இடம், காற்று மேற்கிலிருந்து வரும் கச்சானா கிழக்கிலிருந்து வரும் கொண்டலா வடக்கிலிருந்து வரும் வாடையா, நீவாடு எந்தப் பக்கம், இரண்டு அலைக்கு நடுவே எத்தனை எண்ண முடிந்தது. அலை உயரத்தைக் கேட்காதீர்கள், எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். அவர் கிளம்பும் நாளில் வெளியான முன்னறிவிப்பை நீங்கள் கரையில் சேமித்து வையுங்கள். ஒரு பருவத்தில் பத்துப் படகுகளின் புத்தகங்கள் சேர்ந்தால், எது தவறுகிறது என்பது பெயரோடும் இடத்தோடும் தெரியும். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தடைக்காலம் ஜூலை 31 வரை. அதற்குள் கோடு போட்டுவிடலாம்.